பாதி இறங்கிய ஆணை

முகவரி மாற்றப் பதிவு அலுவலகத்தில் இருபத்திரண்டு பேர் வேலை பார்த்தார்கள். வீடு மாறுகிறவர்கள் வந்து பழைய முகவரியை ஒப்படைத்துவிட்டுப் புதியதைப் பதிந்துகொண்டு போகும் இடம் அது. அப்படி எத்தனையோ ஆயிரம் பேரை ஊர்விட்டு ஊர் அனுப்பிவைத்த மூன்றாம் சீட்டுக்காரர் மட்டும் ஆறு வருடமாக ஒரே நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். அவருக்கு ஒரு பெயர் உண்டு. வருகைப் பதிவேட்டில் தேடினால் கிடைக்கும். மற்றபடி எல்லாருக்கும் அவர் 'மூணாவது சீட்டு'தான்.

அவர் மனைவி நான்கு மணி நேர ரயில் தூரத்தில் வேறு ஊரில் நர்ஸ். மகளுக்கு ஐந்து முடிந்து ஆறு நடக்கிறது. மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை போய் வருவார். மகள் முதலில் அம்மாவின் பின்னால் ஒளிந்துகொள்வாள், மதியத்துக்கு மேல் மெல்ல மடியில் வந்து உட்காருவாள். அதற்குள் ரயிலுக்கு நேரமாகிவிடும்.

ஆறு வருடக் காத்திருப்புக்குப் பிறகு அவருக்கு மாற்றல் ஆணை வந்திருந்தது. வெள்ளிக்கிழமை மாலை ஐந்து மணிக்குள் அந்த ஊர்க் கிளையில் வேலையில் சேர்ந்துவிட வேண்டும். தவறினால் இடம் பட்டியலில் அடுத்தவருக்குப் போகும், இவர் பெயர் பட்டியலின் அடிக்குப் போகும். அடியிலிருந்து மேலே வர இன்னொரு ஆறு வருடம். செய்ய வேண்டியது ஒன்றே ஒன்றுதான். அவரைப் பணியிலிருந்து விடுவிக்கும் ஆணை கையெழுத்தாகி அலுவலகத்தைவிட்டு வெளியேற வேண்டும்.

இந்த இடத்தில் அந்த அலுவலகத்தின் கம்ப்யூட்டர்களைப் பற்றிச் சொல்லியாக வேண்டும்.

மூன்று மாதம் முன்புவரை அங்கே திரையில் ஒரு விண்டோவைத் திறந்தால் திறக்கும், மூடினால் மூடும். இது இயக்குநருக்குப் பிடிக்கவில்லை. புதுக் கம்ப்யூட்டர்கள் வந்தன. அவற்றில் ஒவ்வொரு விண்டோவும் ஏதாவது ஜாலம் காட்டியது. தொடக்க விழாவில் இயக்குநர் பேசியது இன்றும் அறிவிப்புப் பலகையில் தொங்குகிறது.

"பழைய கம்ப்யூட்டர்ல ஃபைலைத் தொட்டா டக்குன்னு திறந்துடும். டக்குன்னு நடக்கிறதை ஜனங்க மதிக்கறதில்ல. இவ்வளவு சுலபமான வேலைக்கா இத்தனை நாள் அலைய விட்டாங்கன்னு கேட்பாங்க. இனிமே ஒவ்வொரு ஃபைலும் மெதுவா, கௌரவமா, எல்லாரும் பார்க்கிற மாதிரி அசைஞ்சு திறக்கும். அசைவுதான் நிர்வாகம்!"

கடைசி வரியை மட்டும் பெரிய எழுத்தில் அச்சடித்து எல்லாச் சீட்டுக்கும் மேலே ஒட்டினார்கள்.

அசைவு பதவிக்குப் பதவி வேறுபட்டது. இயக்குநரின் விண்டோ நடுவிலிருந்து பூ மாதிரி விரியும், அதற்கு ஒன்பது வினாடி. கண்காணிப்பாளருடையது திரைச்சீலை விலகுவதுபோல் ஐந்து வினாடியில் திறக்கும். எழுத்தர்களின் விண்டோ மங்கலாகத் தோன்றித் தெளியும், அவ்வளவுதான் அனுமதி. ஐந்தாம் சீட்டுக்காரர் கை தவறித் தன் விண்டோவைப் பூவாக விரியவிட்டுவிட்டு, அப்படி ஒரு எண்ணமே தனக்கு இல்லை என்று இரண்டு பக்கம் விளக்கம் எழுதிக் கொடுத்தார். திரை ஒரு பெட்டி மாதிரி நான்கு பக்கமாகச் சுழலும். முதல் பக்கம் வரவு, இரண்டாம் பக்கம் அனுப்புகை, மூன்றாம் பக்கம் புகார். நான்காம் பக்கத்தை என்றாவது அமைச்சர் வந்தால் காட்டுவதற்காகக் காலியாக வைத்திருந்தார்கள்.

மூடும்போதுதான் வம்பு. விண்டோவின் நான்கு ஓரமும் தீப்பிடித்து, நடுவரை எரிந்து, சாம்பலாகி உதிரும். ஓய்வுபெற்ற தபால்காரர் ஒருவர் தன் விண்ணப்பம் கண்ணெதிரே பற்றி எரிவதைப் பார்த்து, "ஐயோ, நாலு மாசம் அலைஞ்சு வாங்கின சர்ட்டிபிகேட்டெல்லாம் அதுலதானே இருக்கு!" என்று அலறினார். ஓடிவந்த வாட்ச்மேன் சிவப்பு வாளியிலிருந்த மணலை அப்படியே மானிட்டர் தலையில் கொட்டினார். அவருடைய கடமை உணர்வைப் பாராட்டி ஒரு சான்றிதழ் தந்தார்கள். அதைத் தயாரித்து மூடியபோது அதுவும் எரிந்தது.

இதெல்லாம்கூடப் பரவாயில்லை. பெரிய தவறு தொடக்க விழாவிலேயே நடந்துவிட்டது. இயக்குநர் விண்டோவின் மூலையில் அதைச் சுருக்குவதற்கென்று இருந்த சின்னக் கோட்டை அழுத்தினார். விண்டோ புனலில் ஊற்றினதுபோல் நெளிந்து, வால் மெலிந்து, திரையின் அடியிலிருந்த பட்டைக்குள் இறங்கி மறைந்தது. இயக்குநர் அது போன திசையை விரலால் தொடர்ந்து, திரையைத் தாண்டி, மேஜையைத் தாண்டி, தரையைச் சுட்டினார்.

"இதுக்கு அடியில ரெக்கார்ட் ரூம்தானே இருக்கு?"

ரெக்கார்ட் ரூம் கீழ்த்தளத்தில் சரியாக அந்த இடத்துக்கு அடியில்தான் இருந்தது. கண்காணிப்பாளர் தலையாட்டினார். அவர் எதற்கும் தலையாட்டுகிறவர்.

"நேரா அங்கேயே போயிடுதா! பிரமாதம்யா. வந்து சேர்ந்ததுக்கு ரசீது வாங்கறீங்க இல்ல?"

கண்காணிப்பாளர் அதற்கும் தலையாட்டினார். இயக்குநரிடம் போய், அது எங்கேயும் போகவில்லை, வெறுமனே சுருங்கி நிற்கிறது என்று யார் சொல்வது? மறுநாளே ரசீதுப் புத்தகம் அச்சாகி வந்தது. அன்றிலிருந்து ஒரு விண்டோவைச் சுருக்கியதும் எழுத்தர் கீழ்த்தளத்துக்கு ஃபோன் செய்து "இறங்கிடுச்சு" என்பார். ரெக்கார்ட் கீப்பர் கூரையை ஒரு பார்வை பார்த்துவிட்டு 'வந்து சேர்ந்தது' என்று கையெழுத்துப் போடுவார். ரசீது இல்லாமல் எந்த ஆணையும் செல்லாது. மூன்று மாதத்தில் நாலாயிரத்துச் சொச்சம் ரசீது. மூன்றாம் சீட்டுக்காரரே அறுநூறு தடவை ஃபோன் செய்திருப்பார். முதல் நாள் சொல்லும்போது சிரிப்பை அடக்கினார். இரண்டாம் நாள் சிரிப்பு வரவில்லை.

செவ்வாய்க்கிழமை பதினொரு மணிக்கு அவருடைய விடுவிப்பு ஆணையைக் கண்காணிப்பாளர் மூன்றாம் சீட்டுக் கம்ப்யூட்டரிலேயே சரிபார்த்து, மூலையிலிருந்த கோட்டை அழுத்தினார். விண்டோ நெளிந்தது. அடிப்பாகம் வாலாகி இறங்கியது. பாதி வழியில் அப்படியே நின்றுவிட்டது. மேலே 'பணியிலிருந்து விடுவிக்க' என்பது அகலமாக வளைந்து தெரிந்தது. கீழே தேதியும் கையெழுத்தும் முறுக்கிப் பிழிந்த துணி மாதிரி ஒரு நூலாகத் தொங்கின.

"இறங்கிடுச்சா?" என்று கீழ்த்தளத்திலிருந்து ஃபோன் வந்தது.

"பாதி" என்றார் மூன்றாம் சீட்டுக்காரர்.

"பாதிக்கு ரசீது இல்லையே" என்றார் ரெக்கார்ட் கீப்பர், நிஜமான வருத்தத்துடன்.

மூன்றாம் சீட்டுக்காரர் எழுந்து நின்று திரையை எட்டிப் பார்த்தார். கண்காணிப்பாளர் பதறிப்போய் அவர் தோளை அழுத்தி உட்கார வைத்தார். "எழுந்திரிக்காதீங்க! பதினாலாம் நம்பர் சர்க்குலர் படிச்சதில்ல?"

படித்திருந்தார். அவர்தான் தட்டச்சு செய்தவர். 'அசைவு நடைபெறும்போது சம்பந்தப்பட்ட ஊழியர் இருக்கையை விட்டு எழலாகாது. அசைவில் குறுக்கிடுபவர் தற்காலிகப் பணிநீக்கம் செய்யப்படுவார்.' இரண்டு வினாடி அசைவுக்காக எழுதப்பட்ட விதி அது. இப்போது அசைவு பாதியில் நிற்கிறது, முடியவில்லை. அலுவலக நேரம் முழுக்க அவர் அந்த நாற்காலியில் இருந்தாக வேண்டும். மாலை மணி அடித்ததும் 'அசைவு நாளை தொடரும்' என்று எழுதிக் கொடுத்துவிட்டுத் தங்கும் அறைக்குப் போகலாம். கம்ப்யூட்டரை அணைக்கக் கூடாது. சிறுநீர் கழிக்க வேண்டுமென்றால் பியூன் வந்து அந்த நாற்காலியில் உட்கார வேண்டும். பியூன் டீ வாங்கப் போயிருந்தால் அடக்கிக்கொள்ள வேண்டும்.

மதியம் கம்ப்யூட்டர் மெக்கானிக் வந்தார். பார்த்த மாத்திரத்தில் சிரித்துவிட்டார்.

"இது சும்மா படம் சார். பார்க்க அழகா இருக்கட்டும்னு வச்சிருக்காங்க. எங்கயோ மாட்டிக்கிச்சு. உங்க ஆர்டர் உள்ள பத்திரமா இருக்கு. ஆஃப் பண்ணி ஆன் பண்ணுங்க, போதும். கீழயும் போகாது, மேலயும் போகாது."

அறையில் எல்லாருடைய கையும் நின்றது. கண்காணிப்பாளரின் முகம் வெளுத்தது.

"கீழ போகாதா? அப்ப மூணு மாசமா கீழ போன நாலாயிரம் ஃபைல்? அதுக்கெல்லாம் ரசீது இருக்கே! ரெக்கார்ட் கீப்பர் பொய்க் கையெழுத்துப் போட்டார்ங்கறீங்களா? டைரக்டர் பார்த்ததும் பொய்யா?"

"நான் அப்படிச் சொல்லல சார்..."

"சொல்லாதீங்க. யார்கிட்டயும் சொல்லாதீங்க. கிளம்புங்க."

மெக்கானிக் போகும்போது மூன்றாம் சீட்டுக்காரரைப் பார்த்துக் கண்ணால் மேஜைக்கு அடியைக் காட்டினார். அங்கே அவருடைய இடது காலுக்கு அருகில், ஒரு சாண் தூரத்தில், ஸ்விட்ச் பலகையின் சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது. மூன்றாம் சீட்டுக்காரர் காலை இழுத்துக்கொண்டார்.

புதன்கிழமை இயக்குநரே நேரில் வந்தார். தொங்கிக்கொண்டிருந்த விண்டோவை வெகுநேரம் ரசித்தார். "எவ்வளவு நிதானம் பாருங்க! அவசரப்பட்டுப் போய் விழாம, யோசிச்சு நிக்குது. நம்ம டிபார்ட்மென்ட்டே இப்படித்தான் இருக்கணும்னு நான் முப்பது வருஷமா சொல்றேன்." பிறகு மூன்றாம் சீட்டுக்காரரின் தோளைத் தட்டினார். "கொடுத்து வச்சவர்யா நீங்க. உங்க ஆணைக்குத்தான் இவ்வளவு நீளமான அசைவு."

"சார், வெள்ளிக்கிழமை அஞ்சு மணிக்குள்ள நான் அங்க..."

"நிச்சயம் போவீங்க. அது இறங்கினதும் போவீங்க."

ஆராய ஒரு குழு அமைத்தார். சட்ட ஆலோசகர், நில அளவையாளர், கண்காணிப்பாளர் என மூன்று பேர். அளவையாளர் வந்ததும் ஸ்கேலை வைத்து, விண்டோவின் வால்நுனி இருக்கும் இடத்தில் திரைமேல் பென்சிலால் கோடு போட்டார். மணிக்கொரு முறை வந்து பார்த்தார். மூன்று மணிக்கு வால் கோட்டைவிட்டு ஒரு நூலளவு இறங்கியிருந்தது. அலுவலகமே கைதட்டியது. மூன்றாம் சீட்டுக்காரருக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. பிறகுதான் தெரிந்தது, பியூன் திரையைத் துடைத்துவிட்டு, அழிந்த கோட்டைத் தானே உத்தேசமாகப் போட்டு வைத்திருந்தார்.

சட்ட ஆலோசகர் வேறு கேள்வி கிளப்பினார். "இது இறங்குதுன்னு எப்படிச் சொல்றீங்க? ஏறிட்டும் இருக்கலாமே? ரெக்கார்ட் ரூம் வாங்க மறுத்துத் திருப்பி அனுப்பியிருந்தா?"

ரெக்கார்ட் கீப்பரை வரவழைத்தார்கள். "சத்தியமா நான் எதையும் திருப்பி அனுப்பல சார். வந்தா வாங்கிக்கறேன், வராட்டி உட்கார்ந்திருக்கேன்" என்றார் அவர். ஆணை வழியில் எங்கேயாவது சிக்கியிருக்குமோ என்று தச்சரைக் கூப்பிட்டு ரெக்கார்ட் ரூமின் கூரைப் பலகையைத் தட்டிப் பார்க்கச் சொன்னார்கள். ஒரு பலகையைக் கழற்றியதும் ஒரு பழைய குடை விழுந்தது. அதை யாரும் எந்தக் கணக்கிலும் காட்டவில்லை என்பதால் அதற்கும் ஒரு ரசீது போட்டார்கள்.

வியாழக்கிழமை மனைவி ஃபோன் செய்தாள்.

"கிளம்பிட்டீங்களா?"

"இன்னும் இறங்கலம்மா."

"எது?"

"ஆர்டர். பாதியில நிக்குது."

"லிஃப்ட்லயா?"

"இல்ல, கம்ப்யூட்டர்ல. மேல அகலமா இருக்கு, கீழ ஒல்லியா இருக்கு. ஏறுதா இறங்குதான்னு பார்த்துட்டிருக்காங்க."

"ஜுரம் ஏதாவது இருக்கா உங்களுக்கு?" என்று நர்ஸின் குரலில் கேட்டாள். பிறகு மகள் வாங்கிப் பேசினாள். "அப்பா, ஸ்கூல்ல எல்லார்கிட்டயும் சொல்லிட்டேன். வெள்ளிக்கிழமை எங்கப்பா வந்துடுவார், திரும்பிப் போக மாட்டார்னு."

அவர் சரி என்றார். ஃபோனை வைத்தபின் இடது கால் தானாக ஒரு விரற்கடை முன்னால் நகர்ந்தது. 'தற்காலிகப் பணிநீக்கம்' என்று தான் தட்டச்சு செய்த எழுத்து கண்முன் வந்து நின்றது. காலை மீண்டும் இழுத்துக்கொண்டார். தன்மேல் அவருக்கு அருவருப்பாக இருந்தது. ஆனாலும் நகரவில்லை.

வெள்ளிக்கிழமை பதினொன்றரை மணிக்கு, இரவு டியூட்டி முடித்த வெள்ளைச் சீருடையுடன் மனைவியே வந்து நின்றாள். காலை ரயிலில் ஏறி வந்திருக்கிறாள். திரும்பிப் போகும் ரயில் பன்னிரண்டு இருபதுக்கு. அதை விட்டால் ஐந்து மணிக்குள் போய்ச் சேர வேறு வண்டி கிடையாது.

குழுவினர் அவளுக்கு நிலைமையை விளக்கினார்கள். அவள் ஆளுக்கு ஆள் முகத்தைப் பார்த்தாள். திரையைப் பார்த்தாள். கணவரைப் பார்த்தாள். மூன்று நாள் சவரம் இல்லை, கண் உள்ளே போயிருந்தது.

"எழுந்திரிங்க" என்றாள்.

"அசைவு முடியலம்மா."

அவள் குனிந்து மேஜைக்கு அடியில் கையைவிட்டு ஸ்விட்சைத் தட்டினாள். திரை இருண்டது.

"அம்மா, என்ன காரியம் பண்ணீங்க!" என்று கண்காணிப்பாளர் கத்தினார். "நடைமுறையில இருந்த அசைவுல குறுக்கீடு!" என்றார் சட்ட ஆலோசகர். அளவையாளர் ஸ்கேலைத் திரையருகே கொண்டுபோய், அளக்க ஒன்றும் இல்லாமல் கையில் வைத்துக்கொண்டு நின்றார்.

"ஏன் சார் கத்தறீங்க? அந்த ஆர்டர் இப்ப மேல இருக்கா?" என்று அவள் கேட்டாள்.

"இல்ல."

"நடுவுல நிக்குதா?"

கண்காணிப்பாளர் இருண்ட திரையைக் குனிந்து பார்த்தார். "இல்ல."

"அப்ப எங்க போயிருக்கும்?"

கண்காணிப்பாளரின் முகம் மெல்ல மெல்ல மலர்ந்தது. அதற்கு ஒன்பது வினாடிக்குமேல் ஆனது. அவர் ஓடிப்போய் ஃபோனை எடுத்தார். "இறங்கிடுச்சு!"

ரசீதை ரெக்கார்ட் கீப்பரே மாடியேறிக் கொண்டுவந்து தந்தார். "நல்லபடியா வந்துச்சு சார். ஒரு கசங்கல் இல்ல" என்றார். சொல்லும்போது மூன்றாம் சீட்டுக்காரரை நேராகப் பார்த்தார். மனைவி அதற்குள் வாசலுக்குப் போய்விட்டிருந்தாள்.

ரயில் கிளம்பி ஒரு மணி நேரம் ஆகியிருந்தது.

"மூணு நாளா அந்த ஸ்விட்ச் அங்கேயேதான் இருந்துச்சா?" என்று அவள் கேட்டாள்.

"ஆமா."

"உங்க காலுக்குப் பக்கத்துலயே."

"ஆமா."

"தெரியாதா உங்களுக்கு?"

"தெரியும்" என்றார். சர்க்குலர் என்று ஏதோ சொல்ல வந்து மென்று முழுங்கினார். அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். அவருக்கு வெட்கத்தில் உடம்பு கூசியது. ஆறு வருடம் தன்னை யாரோ பிடித்து வைத்திருந்தார்கள் என்று நினைத்திருந்தவர் அவர்.

புதுக் கிளை ஒற்றைத் தளக் கட்டடம். நாலரைக்குப் போய்ச் சேர்ந்தார். அலுவலர் அம்மாள் முகமலர்ச்சியுடன் வரவேற்று, அவரை உட்கார வைத்து, சேர்க்கை அறிக்கையைத் திரையில் திறந்தார். திரைச்சீலை விலகியது.

"உங்க ஆபீஸ் மாதிரியேதான். போன வாரம் எங்களுக்கும் வந்துடுச்சு!" என்று அறிக்கையை அவர் பக்கமாக நகர்த்தினார். அறிக்கை தண்ணீர் நிரப்பின பை மாதிரி தளும்பியது. தளும்பிக்கொண்டே இருந்தது. இடது ஓரம் அடங்கினால் வலது ஓரம் எழும்பியது.

"எழுந்திரிச்சுடாதீங்க. அடங்கினதும் கையெழுத்துப் போட்டுடலாம். ரசீது பழக்கம்தான் இங்க இன்னும் ஆரம்பிக்கல, திங்கட்கிழமைலேர்ந்து ஆரம்பிக்கணும். அசைவுதான் நிர்வாகம்னு உங்க டைரக்டர் எவ்வளவு அழகா சொல்லியிருக்கார்!"

மணி நாலு நாற்பத்தெட்டு. ஐம்பது. ஐம்பத்திரண்டு. கண்ணாடிக் கதவுக்கு வெளியே மனைவி நின்றிருந்தாள். பக்கத்தில், பள்ளியிலிருந்து அவள் கூட்டிவந்த மகள், சீருடையில், மூக்கைக் கண்ணாடியில் அழுத்திக்கொண்டு. மூன்றாம் சீட்டுக்காரர் தலையைக் குனியாமல் கண்ணை மட்டும் தாழ்த்தினார். மேஜைக்கு அடியில் இங்கேயும் ஒரு சிவப்பு விளக்கு எரிந்தது. இந்த முறை காலை இழுத்துக்கொள்ளாமல் நீட்டி ஸ்விட்சைத் தட்டினார்.

"ஐயோ, எங்க போச்சு?" என்றார் அலுவலர் அம்மாள்.

"போய்ச் சேர்ந்துடுச்சு மேடம். எங்க ஆபீஸ்ல இப்படித்தான் போகும்."

"எங்க போய்ச் சேர்ந்துச்சு? உங்களுக்குக் கீழ ரெக்கார்ட் ரூம் இருக்குன்னு கேள்விப்பட்டேன். எங்களுக்குக் கீழ்த்தளமே இல்லையே!"

"மேல என்ன மேடம் இருக்கு?"

"மொட்டை மாடி. தண்ணித் தொட்டி."

"அப்ப ரசீது அங்கேர்ந்துதான் வரணும்."

அலுவலர் அம்மாள் ஒரு கணம் யோசித்தார். அனுபவசாலி சொல்கிறார் என்று நினைத்திருக்க வேண்டும். பியூனைக் காகிதத்துடன் மாடிக்கு அனுப்பினார். பியூன் மூச்சிரைக்க இறங்கிவந்து நீட்டிய காகிதத்தில், 'கிடைத்தது. நல்ல நிலையில் உள்ளது' என்று எழுதியிருந்தது. அலுவலர் அம்மாள் அதிலேயே அவரிடம் கையெழுத்து வாங்கி, சேர்க்கையைப் பதிவேட்டில் குறித்தார். மணி நாலு ஐம்பத்தேழு. அவர் எழுந்தார். யாரும் அவரை உட்காரச் சொல்லவில்லை. வெளியே போனதும் மகள் இந்த முறை அம்மாவின் பின்னால் ஒளியவில்லை.

திங்கட்கிழமை சர்க்குலர் வந்தது. மொட்டை மாடி தற்காலிக ரெக்கார்ட் ரூமாக அறிவிக்கப்பட்டிருந்தது. விஷயம் தெரிந்த ஆள் வேண்டும் என்பதால் பொறுப்பு அவருக்கே வந்தது. தண்ணீர்த் தொட்டியின் நிழலில் ஒரு நாற்காலி, ஒரு ஃபோன், ஒரு ரசீதுப் புத்தகம். அங்கிருந்து பார்த்தால் நாலு தெரு தள்ளி அவர் வீட்டுக் கொடியில் மகளின் சீருடை காய்வது தெரியும்.

ஃபோன் அடித்தது. "ஏறிடுச்சு சார்" என்றார்கள் கீழேயிருந்து.

அவர் வானத்தை ஒரு பார்வை பார்த்தார். சிரிப்பு வரவில்லை. 'வந்து சேர்ந்தது' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.